தடியத் தேவர் மனமாற்றம்

தடியத் தேவர் மனமாற்றம் என்பது கிபி 1692-1693 ஆம் ஆண்டுகளில், மறவர் நாடு எனப்பட்ட சேதுபதி சீமையில், சிறுவல்லிப் பகுதியைச் சேர்ந்த தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் கிறித்தவ நற்செய்தியைக் கேட்டு நம்பித் திருமுழுக்குப் பெற்ற நிகழ்வு ஆகும். இதன் நேரடி விளைவாக, அவருக்குத் திருமுழுக்கு அளித்த இயேசு சபைத் துறவி அருளானந்தர் (யோவான் தே பிரிட்டோ) 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். இறைவார்த்தையைக் கேட்பவர் அதற்கு விசுவாசத்தால் மறுமொழி தருவது, தராமல் விடுவது ஆகிய இரண்டும் ஒரே நிகழ்வில், ஒரே நாட்டில், ஒருவருக்கொருவர் உறவினரான மனிதர்களிடையே வெளிப்பட்டதால் தமிழகக் கிறித்தவ வரலாற்றில் இது தனி இடம் பெறுகிறது.

அருளானந்தரின் வாழ்க்கை பல நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. தடியத் தேவர் அவற்றில் பெரும்பாலும் ஒரு துணைப்பாத்திரமாகவே வருகிறார். ஆனால் நிகழ்வுகளின் அச்சு அவருடைய முடிவிலேயே இருக்கிறது.

பின்னணி

17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறவர் நாட்டை ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்டிருந்த சேதுபதிகளின் நிலையை மாற்றித் தன்னாட்சி பெற்றவராகவும், தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றியவராகவும் இவர் அறியப்படுகிறார். அவருடைய சீமை கடற்கரையோடு நின்றுவிடவில்லை. மேற்கே குண்டாற்றுப் படுகையையும், இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளையும் உள்ளடக்கியது. மழையையும் கண்மாயையும் நம்பி வாழ்ந்த இவ்வறண்ட நிலத்தில் ஆட்சி என்பது பெரும்பாலும் படைத்திறன் கொண்ட மறவர் தலைவர்களின் விசுவாசத்தைக் கட்டிக்காப்பதாகவே இருந்தது. மண உறவுகள் இந்த அரசியலின் ஒரு பகுதி. ஒரு தலைவர் பல மனைவியரைக் கொண்டிருப்பது பல குடும்பங்களோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்குச் சமம்.

அருளானந்தர் 1647 மார்ச் 1 அன்று லிசுபன் நகரில் பிறந்தவர். போர்த்துகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் ஏவலராக வளர்ந்து, 1662 இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673 இல் இந்தியாவுக்கு வந்து, இராபர்ட் தே நோபிலி தொடங்கிவைத்த மதுரை மிசனில் பணியாற்றினார். காவி உடுத்து, புலால் நீக்கி, பண்டாரச் சாமியாராக வாழ்ந்தார்.

1686 இல் அவர் மறவர் நாட்டில் போதித்தபோது, மங்கலம் என்ற இடத்தில் தம் உபதேசியார்களுடன் கைது செய்யப்பட்டுக் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டார். பின்னர் இராமநாதபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கிழவன் சேதுபதி அவரை அழைத்து, என்ன போதிக்கிறார் என்று கேட்டு அறிந்துகொண்டு விடுவித்தார். இனித் தம் நாட்டில் போதிக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. சேதுபதி இறைவார்த்தையைக் கேட்காதவர் அல்லர் என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். கேட்டார், பகைக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. ஆட்சிக்கு இடையூறு இல்லாத தொலைவில் அதை வைத்தார். 1693 இல் அந்தத் தொலைவு இல்லாமல் போனதே பிரச்சினை ஆயிற்று.

இடையில் அருளானந்தர் மிசனின் அலுவலாக 1688 இல் ஐரோப்பா சென்றார். அப்போது போர்த்துகல் அரசராகிவிட்ட இரண்டாம் பேதுரு, தம் மகனுக்கு ஆசிரியராக அவர் லிசுபனிலேயே தங்க வேண்டும் என விரும்பினார். அதை மறுத்து 1690 இல் கோவா திரும்பி, மீண்டும் மறவர் நாட்டுக்கு வந்தார்.

நிகழ்வு

தடியத் தேவர் சேதுபதியின் அரச குடியோடு தொடர்புடையவர், ஆட்சி உரிமை கோரக்கூடிய நிலையில் இருந்தவர். அதனால் அவர் எந்தச் சமயத்தில் சேர்ந்தார் என்பது அவருடைய சொந்த விவகாரமாக இருக்க முடியவில்லை.

1692 இல் அவர் கொடிய நோயுற்றார். மருத்துவமும் கோயில் வழிபாடுகளும் பயன் தராத நிலையில் அருளானந்தரைத் தேடி ஆளனுப்பினார். அருளானந்தர் உடனே நேரில் செல்லவில்லை, தம் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அவர் நோயாளிக்குக் கிறித்தவக் கொள்கையின் அடிப்படைகளை எடுத்துரைத்து, நற்செய்திப் பகுதியை அவர்மீது ஓதினார். தேவர் நலம் பெற்றார் என்று இயேசு சபையார் மடல்கள் கூறுகின்றன. நோய் நீங்கியதை இறைச்செயல் என்பதா, தற்செயல் என்பதா என்பது வாசகரின் சமய நோக்கைப் பொறுத்தது. வரலாற்று நோக்கில் முக்கியமானது இதற்குப் பின் நடந்தது.

நலம் பெற்றவர் திருமுழுக்கு வேண்டினார். அருளானந்தர் உடனே இசையவில்லை. தேவருக்கு ஐந்து மனைவியர் இருந்தனர். ஒருவரை மட்டும் மனைவியாகக் கொள்ள வேண்டும் என்பது கிறித்தவ ஒழுக்கம். நலம் பெற்றதற்கு நன்றி சொல்லும் மனநிலையும், சொல்லப்பட்ட வார்த்தையின் முழுக் கோரிக்கையையும் ஏற்கும் மனநிலையும் ஒன்றல்ல என்பதை அருளானந்தர் அறிந்திருந்தார். தேவர் வீட்டுக்குச் சென்று, முதல் மனைவியை மட்டும் மனைவியாக வைத்துக்கொள்வதாகவும், மற்றவர்களை உடன்பிறந்தவர்களாகக் கருதி மதிப்போடு பேணுவதாகவும் அறிவித்தார். அதன் பிறகே, 1693 சனவரி 6 ஆம் நாள் திருக்காட்சிப் பெருவிழாவின்போது, ஏறத்தாழ 200 பேருடன் அவரும் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் இளையவர் சேதுபதியின் உடன்பிறந்தார் மகள். அவர் இராமநாதபுரம் சென்று முறையிட்டார். சமய நூல்கள் பலவற்றில் இப்பெண் தீயவராகவே சித்திரிக்கப்படுகிறார். அது நியாயமான பார்வை என்று சொல்ல இயலாது. தாம் எடுக்காத ஒரு முடிவால் மனைவி என்ற நிலையை இழந்தவர் அவர். பேணுவதாகச் சொன்ன உறுதி அந்த இழப்பை ஈடுசெய்யவில்லை. தம் குடும்பத் தலைவரிடம் முறையிடுவதைத் தவிர அக்காலச் சூழலில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

சேதுபதியைப் பொறுத்தவரை இரண்டு ஆணைகள் மீறப்பட்டிருந்தன. தடைசெய்யப்பட்ட போதகர் திரும்பி வந்திருந்தார். தம் குடும்பத்துப் பெண் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். சனவரி 8 அன்று அருளானந்தர் கைது செய்யப்பட்டு இராமநாதபுரம் கொண்டுசெல்லப்பட்டார்.

தடியத் தேவரின் உறுதி

கைதுக்குப் பிறகு தடியத் தேவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. அவர் அரசரிடம் சென்று, குருவை விடுவிக்குமாறு கேட்டார். புதிய சமயத்தைக் கைவிடுமாறு சேதுபதி வற்புறுத்தியபோது மறுத்துவிட்டார். தம்மை நலமாக்கிய இறைவனை மறுப்பதைவிட உயிரை விடுவது மேல் என்ற பொருளில் அவர் பேசியதாக மடல்கள் தெரிவிக்கின்றன. இருவரையும் மாய மந்திரச் சடங்குகளால் அழிக்க முயற்சி நடந்ததாகவும் அவற்றில் குறிப்பு உண்டு. எது எப்படியாயினும், சேதுபதி தேவர்மீது கை வைக்கவில்லை. செல்வாக்குள்ள ஒரு மறவர் தலைவரைக் கொல்வது உள்நாட்டுக் கலகத்தை அழைப்பதாகும். அயல்நாட்டுத் துறவிக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

ஆகவே வார்த்தையைச் சொன்னவர் கொல்லப்பட்டார், ஏற்றவர் உயிரோடு விடப்பட்டார். சமய வரலாற்றில் பல வேளைகளில் இது தலைகீழாக நடப்பதுண்டு.

ஓரியூர்

தலைநகரிலேயே தண்டனையை நிறைவேற்றுவதைத் தவிர்த்து, சனவரி இறுதியில் அருளானந்தரைத் தம் உடன்பிறந்தவரான ஓரியூர் ஆளுநர் உடையத் தேவரிடம் சேதுபதி அனுப்பினார். ஓரியூர் பாம்பாற்றின் கரையில், சீமையின் வட எல்லைப் பகுதியில் இருக்கிறது. இன்று அது இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் அடங்கும்.

உடையத் தேவர் பார்வை இழந்து, கை கால்கள் செயலிழந்த நோயாளி. தம்மைக் குணமாக்குமாறு முதலில் அவர் அருளானந்தரிடம் கேட்டார் என்றும், அது மனிதர் ஆற்றலில் இல்லை, இறைவனுக்கே உரியது என்று விடை வந்ததும் சினந்தார் என்றும் மடல் கூறுகிறது. சிறுவல்லியில் ஒரு நோயாளி, ஓரியூரில் ஒரு நோயாளி, இருவரும் தேடியது நலம். முன்னவர் நலத்தோடு வந்த வார்த்தையையும் வாங்கிக்கொண்டார். பின்னவர் நலம் மட்டும் போதும் என்றார். இந்த ஒப்பீட்டை அக்கால மடல் ஆசிரியர்கள் அழுத்திச் சொல்லாமல் விட்டது வியப்பே.

பெப்ரவரி 3 அன்று சிறையிலிருந்து அருளானந்தர் தம் சபையினருக்குக் கடைசி மடல்களை எழுதினார். மையும் எழுதுகோலும் இல்லாததால் கரியை நீரில் கரைத்து, வைக்கோல் துரும்பால் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் போதித்தது ஒன்றே என்றும், நற்செயலே குற்றமாக எண்ணப்படும்போது துன்புறுவது மகிழ்ச்சி என்றும் அதில் அவர் குறிப்பிட்டார். மறுநாள், பெப்ரவரி 4, அவ்வாண்டின் திருநீற்றுப் புதன். ஆற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. கைகளும் கால்களும் துண்டிக்கப்பட்டு, உடல் கம்பத்தில் கட்டப்பட்டது.

ஆதாரங்களின் தன்மை

நிகழ்வு குறித்த முதன்மை ஆவணம், மிசனில் அருளானந்தருடன் பணியாற்றிய பிரான்சிசு லைனேசு அதே 1693 பெப்ரவரியில் எழுதிய மடல் ஆகும். லைனேசு பின்னாளில் மயிலாப்பூர் ஆயர் ஆனார். நிகழ்வு நடந்த சில நாட்களில் எழுதப்பட்டது என்பது அதன் வலிமை. ஒரு தரப்பாரால் மட்டுமே, தம் தோழரை மறைசாட்சி எனக் கருதியவர்களால் எழுதப்பட்டது என்பது அதன் எல்லை. தடியத் தேவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை நாம் அறிவது அவர்களின் எழுதுகோல் வழியாகவே. ஆயினும் ஒரு மறவர் தலைவர் அரசியல் இழப்பைத் தரக்கூடிய முடிவை எடுத்தார், அழுத்தம் வந்தபோது மாற்றிக்கொள்ளவில்லை என்ற புறச்செய்திகளுக்கு அந்த எல்லை தடையாக இல்லை.

விசுவாசம், அவிசுவாசம்: சொல்லும் பொருளும்

விசுவாசம் என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். கிறித்தவத் தமிழில் இறைவன்மேல் கொள்ளும் பற்றுறுதியைக் குறிக்கிறது. கத்தோலிக்கர் விசுவாச அறிக்கையை விசுவாச மந்திரம் என்று வழங்கினர். பொதுத் தமிழிலோ விசுவாசம் என்றால் தலைவனிடம் கொள்ளும் நன்றியும் மாறாத சார்பும் ஆகும். மறவர் நாட்டுச் சூழலில் இந்த இரண்டாம் பொருள் தற்செயலானது அன்று. சேதுபதியின் பார்வையில் தடியத் தேவர் செய்தது சமய மாற்றம் என்பதைவிட விசுவாச மாற்றம், அதாவது தலைவனை மாற்றிக்கொள்வது. தேவரும் அதை ஓரளவு அப்படியே புரிந்துகொண்டிருக்கக் கூடும். உயிரைக் காத்த தலைவனுக்கு உயிரைக் கொடுப்பது அவர் குடியில் அறியப்பட்ட அறமே.

சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் விசுவாசம், அவிசுவாசம் என்ற சொற்களே உள்ளன. நம்பிக்கை என்ற சொல் அதில் எதிர்காலத்தை நோக்கிய நம்பிக்கையைக் குறிக்கும். 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் விசுவாசத்துக்கு நம்பிக்கை என்றும், முன்பு நம்பிக்கை எனப்பட்டதற்கு எதிர்நோக்கு என்றும் வழங்குகிறது. இரண்டு பதிப்புகளையும் மாறி மாறிப் படிப்பவர் இதனால் குழம்புவதுண்டு.

விவிலியத்தில் விசுவாசம் பெரும்பாலும் கேட்பதோடு இணைக்கப்படுகிறது. உரோமையர் மடலின் 10 ஆம் அதிகாரத்தில் பவுல், நம்பிக்கை அறிவிக்கப்பட்டதைக் கேட்பதால் பிறக்கிறது என வாதிடுகிறார். ஆனால் கேட்பது மட்டும் போதாது என்பதை எபிரேயர் மடலின் 3, 4 ஆம் அதிகாரங்கள் விளக்குகின்றன. அங்கு எடுத்துக்காட்டாக வருவது பாலை நிலத்தில் அலைந்த இசுரயேலர். கானான் நாட்டை உளவு பார்த்துத் திரும்பியவர்களின் அறிக்கையைக் கேட்டு அஞ்சி, வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் நுழைய மறுத்த நிகழ்வு எண்ணிக்கை நூலின் 13, 14 ஆம் அதிகாரங்களில் உள்ளது. அவர்கள் வாக்குறுதியைக் கேட்டவர்களே. கேட்டதோடு நம்பிக்கை சேராததால் பயன் விளையவில்லை என்பது மடல் ஆசிரியரின் முடிவு.

அவிசுவாசத்தையும் விவிலியம் ஒரே வகையாகக் காட்டவில்லை. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் செக்கரியா, மரியா இருவருமே வானதூதரிடம் கேள்வி கேட்கின்றனர். செக்கரியா சான்று கேட்டதால் பேச்சிழக்கிறார். மரியா எப்படி நிகழும் என்று கேட்டுவிட்டு இசைவு தருகிறார். கேள்வி கேட்பதே அவிசுவாசம் ஆகாது என்று இதற்கு விளக்கம் கூறுவர். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தந்தையோ (மாற்கு 9) தம்மிடம் நம்பிக்கையும் அதன் குறையும் ஒருங்கே இருப்பதை ஒப்புக்கொண்டு உதவி கேட்கிறார், உதவியும் பெறுகிறார். கிழவன் சேதுபதியை அணுக இவற்றைவிட மாற்கு 6 ஆம் அதிகாரத்தில் வரும் ஏரோது பொருத்தமானவர். யோவானின் பேச்சை விருப்பத்தோடு கேட்டவர், குடும்பத்துப் பெண் ஒருவரின் மணவுறவு குறுக்கே வந்ததும் கொலைக்கு ஆணையிட்டவர். அருளானந்தரைத் திருமுழுக்கு யோவானோடு ஒப்பிடும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே.

விதைப்பவர் உவமையில் (மாற்கு 4) பாறை நிலத்து விதை விரைவில் முளைத்து, வேர் இல்லாததால் வெயிலில் கருகுகிறது. கரிசல் பகுதி வாசகருக்கு இதற்கு உரை தேவையில்லை. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மழைக்கு முன்பே உலர்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு முறை உண்டு. மழை வரும் என்று நம்பி விதையை மண்ணில் போடுவது அது. மழை பிந்தினால் விதை போய்விடும். அருளானந்தர் திருமுழுக்கைத் தள்ளிப்போட்டது வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே.

விளைவுகள்

அருளானந்தர் 1853 இல் ஒன்பதாம் பயசால் அருளாளராகவும், 1947 சூன் 22 அன்று பன்னிரண்டாம் பயசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். திருவிழா பெப்ரவரி 4. ஓரியூர் திருத்தலம் 1987 இல் நிறுவப்பட்ட சிவகங்கை மறைமாவட்டத்தில் உள்ளது. குருதி சிந்தியதால் சிவந்ததாக நம்பப்படும் அங்குள்ள செம்மண்ணைக் கிறித்தவரும் இந்துக்களும் எடுத்துச் செல்கின்றனர். கிடா வெட்டி நேர்ச்சை செலுத்துவோரும் உண்டு. கொன்ற குடியினரிடமே அவர் காவல் தெய்வம் போலப் போற்றப்படுவதைச் சூசன் பெய்லி (1989), டேவிட் மோசு (2012) ஆகியோர் ஆய்வு செய்துள்ளனர். மதுரை அருகே கருமாத்தூரில் உள்ள அருளானந்தர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. தடியத் தேவர் பெயரில் இத்தகைய நிறுவனம் எதுவும் பரவலாக அறியப்படவில்லை.

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதியில்

சேதுபதி சீமையின் மேற்குப் பகுதியான இங்குக் கிறித்தவம் 19 ஆம் நூற்றாண்டில் வேறொரு வழியில் பரவியது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிசனரிகள் 1834 இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிசன், திருச்சுழியை அடுத்த மண்டபசாலையிலும் அருப்புக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்தது. இச்சபைகள் 1908 இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. இன்று மதுரை-இராமநாதபுரம் பேராயத்துக்கு உட்பட்டவை.

இங்கு ஏற்றவர்கள் சிற்றரசர்கள் அல்லர், பெரும்பாலும் எளிய குடிகள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போதும் அதை அடுத்தும் தென் மாவட்டங்களில் பெருந்தொகையினர் மிசன்களை நாடினர். கஞ்சிக்காக வந்தவர்களா, வார்த்தைக்காக வந்தவர்களா என்ற கேள்வி அப்போதே மிசன்களுக்கு உள்ளேயும் வெளியேயும் எழுந்தது. இது சிறுவல்லிக் கேள்வியின் மறு வடிவமே. தடியத் தேவரும் முதலில் நாடியது உடல்நலத்தையே. அவரை அருளானந்தர் சோதித்த அளவுகோல் மனைவியர் குறித்த முடிவு. பஞ்சத்தில் வந்தவர்களை மிசனரிகள் சோதித்த அளவுகோல் காலம். மழை பெய்து, கண்மாய் நிரம்பி, உதவி நின்றபின் ஒரு பகுதியினர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர், ஒரு பகுதியினர் சபைகளில் தங்கினர். அவ்வாறு தங்கியவர்களின் வழிவந்தோர் இவ்வட்டாரச் சபைகளில் இன்றும் உள்ளனர்.